கூடுதலாக ஒரு முள்கரண்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. போனிலேயே சுகம் விசாரித்தாயிற்று என்றாலும் காகிதத்தில் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. சளி விட்டதா? குளிர் ஆரம்பித்திருக்கும், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் மட்டும் மாடிப்படி ஏறித்தான் லிஃப்டிடம் போக வேண்டியிருக்கிறது என்று தினமும் ஒருமுறை புலம்பிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஊருக்கெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு வீட்டுக் குழாயின் வாஷரை மாற்ற நேரமில்லை. மேல்வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். எனக்கு ஆஸ்பத்திரியில் இந்த வாரம் காலை ஷிப்ட், ஆப்பரேஷன் தியேட்டரில் ஏசி சரியாக வேலை செய்யாமல் டாக்டர்களுக்கு வியர்க்கிறது, அவர்களுக்கு வியர்த்தால் கோபம் நர்ஸ் மேலேதான் இறங்கும், இது உனக்குத் தெரிந்ததுதான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உன்னிடம் போனில், "உங்கம்மா அந்த ஹோட்டல்லேருந்து ஒரு முள்கரண்டியத் தூக்கிட்டு வந்துட்டா" என்று சொல்லியிருக்கிறார். நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க பார்த்தாங்களா?" என்று கேட்டாயாம். சிரித்ததற்கு எனக்கு வருத்தமில்லை, அந்த இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. முள்கரண்டி நம் வீட்டில் இருப்பது நிஜம், அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது நான்தான் என்பதும் நிஜம். திருடினாயா என்றால் இல்லை. தெரியாமல் வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. எனக்கே குழப்பமாக இருக்கிறது, எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன். இதில் அப்பாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. படித்துவிட்டு அவரிடம் உளறி வைக்காதே, அந்தப் பிள்ளையிடமும் மூச்சு விடாதே. அந்தப் பிள்ளை என்றுதான் எழுதுகிறேன், மாப்பிள்ளை என்று எழுதப் பேனா போகிறது, போய் நின்றுவிடுகிறது. அவர் அம்மாவை மட்டும் சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் "அந்தப் பிள்ளையின் அம்மா" என்று எழுதினால் காகிதம் போதாது.

நீ சொன்னது இதுதான். "நீங்க நாலு பேரும் ஒரு நல்ல இடத்துல நிம்மதியா உட்கார்ந்து பேசுங்க, எல்லாம் நான் ஏற்பாடு பண்ணிட்டேன், நீங்க போய் உட்கார்ந்தா போதும்." கூடவே, "அவங்க கொஞ்சம் வசதியானவங்கம்மா, இதெல்லாம் பழகினவங்க, நீ இயல்பா இரு" என்றும் சொன்னாய். இயல்பாக இரு என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு யாரால் இயல்பாக இருக்க முடிகிறது சொல்லு? கண்ணாடி முன்னால் நின்று இயல்பாக இருந்து பார்த்தேன். அப்பா, "பல்லு வலிக்குதா?" என்று கேட்டார். போகும் வழியெல்லாம் அவர் கழுத்துப் பட்டனை அவிழ்ப்பதும் நான் போடுவதுமாக இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறியதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது, சத்தமே இல்லாமல் ஏறுகிறது, கயிறு புதுசு என்று தடவிக் கொடுக்காத குறை. கதவு திறந்ததும் மலர்ச்சி போய்விட்டது. உள்ளே அவ்வளவு மங்கலாக விளக்கு. இத்தனை செலவு செய்து கட்டியவர்களுக்கு நாலு பல்ப் போட மனசு வரவில்லையே என்று நான் நினைத்தேன். ஒருவர் வந்து என் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். எனக்கு உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றேன், அவர் முன்னால் தள்ள, நாற்காலி முட்டிக்குப் பின்னால் இடிக்க, தொப்பென்று விழுந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதற்கில்லை.

சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் முதுகை நாற்காலியில் சாய்க்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு ஒரு சின்னச் சிரிப்பு. சரிதான், பெரிய இடம், நம்மை எடை போடுகிறார்கள் என்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் இரும்பு சாமான் கடை வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னது நினைவிருந்ததால் அப்பா போல்ட், நட்டு என்று ஏதோ பேச்சை ஆரம்பித்தார். கடைக்காரரும் ஆர்வமாகத்தான் பதில் சொன்னார், அதற்குள் சர்வர் வந்து மடித்த துணியை உதறி அப்பா மடியில் போட்டார். அப்பா பதறிப்போய், "என்ன, கொட்டிட்டேனா?" என்றார், அதுவரை மேசையில் கொட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் ஆளுக்கொரு ரொட்டி வந்தது. அப்பா வலது பக்கத் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டார். அவருக்கு வலது பக்கம் இருந்த கடைக்காரர் தன் தட்டு காலியானதைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியுடையதை எடுத்தார், சம்பந்தியம்மா என்னுடையதை எடுத்தார், நான் அப்பாவுடையதை எடுத்தேன். ஆக நாலு பேரும் அடுத்தவர் ரொட்டியைத் தின்று கணக்கை நேர் செய்தோம். இடது பக்கம் இருப்பதுதான் நம்முடையது என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் சொல்லித்தான் தெரியும். அப்படியானால் அவர்களுக்கும் தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பெரிய இடங்களில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் என் கூத்து. பயம் வந்தால் என் கை பழகின வேலையைத் தேடும் என்று உனக்குத் தெரியும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கத்தியும் கரண்டியும் முள்கரண்டியும் வரிசையாகப் பளபளவென்று வைத்திருந்தால் எனக்கு வேறு என்ன தோன்றும்? உட்கார்ந்ததும் எண்ணிவிட்டேன். ஆளுக்கு ஏழு, நாலு பேருக்கு இருபத்தெட்டு. சொல்லிக்கொண்டு எண்ணவில்லை, மனசு தானாக எண்ணிவிட்டது. அதற்கப்புறம் சர்வர் ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு போகும்போதும் எத்தனை உள்ளே போகிறது, மேசையில் எத்தனை மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சில் பாதி காதில் விழவில்லை. கடைசியில் இனிப்பு வந்தது, அதையும் சாப்பிட்டாயிற்று, அவர் மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் திரட்டி எடுத்தபோது இருபத்தேழுதான் தேறியது. உனக்குச் சொல்லியிருக்கிறேன், தியேட்டரில் கணக்கு ஒன்று குறைந்தால் டாக்டரே ஆனாலும் தையல் போடக் கூடாது, யாரும் வெளியே போகக் கூடாது, கிடைக்கும்வரை தேட வேண்டும், ஏனென்றால் அது நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கலாம். எத்தனையோ வருஷமாக ரத்தத்தில் ஊறின பழக்கம், வாய் முந்திக்கொண்டுவிட்டது. "ஒண்ணு குறையுது, யாரும் எழுந்திருக்காதீங்க" என்றேன். அதுவும் தியேட்டர் குரலில்.

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சர்வர் நல்ல மனிதர், "பரவாயில்லை மேடம்" என்றார். பரவாயில்லை என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது, "அதெப்படிப் பரவாயில்ல? சின்ன முள்கரண்டி ஒண்ணு, முதல்ல வந்ததுக்கு வெச்சீங்களே அது" என்று சொல்லிவிட்டு மேசைத்துணியைத் தூக்கிக் கீழே பார்த்தேன். கடைக்காரரைக் காலைத் தூக்கச் சொன்னேன், பாவம், இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "ஏய், இது ஆஸ்பத்திரி இல்ல, யாரு வயித்துக்குள்ளயும் போகல" என்றார். அப்போதுதான் நான் செய்துகொண்டிருப்பது எப்படித் தெரியும் என்று எனக்கே புரிந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்வது மாதிரி. சம்பந்தி வீட்டார் முன்னால். சம்பந்தியம்மா எழுந்து, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார், போனவர் வரவே இல்லை. கடைக்காரர் இப்போது காலைக் கீழே வைக்கலாமா என்ற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்களேன்" என்றார். உன் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த நடை நடந்தேன்.

உள்ளே அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார், கைப்பை திறந்திருந்தது, கையில் அந்தச் சின்ன முள்கரண்டி. நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். முதல் தட்டு வந்தபோது எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாராம், நான் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் தொடாமல் இருந்தேனாம், சரி, இவங்க பெரிய விவரம் தெரிஞ்சவங்க என்று பயந்து எடுத்ததில் கை நழுவிக் கீழே விழுந்துவிட்டதாம். அங்கே கம்பளம் அவ்வளவு தடிப்பு, எது விழுந்தாலும் சத்தம் வராது. குனிந்து எடுத்தாராம். எடுத்ததை மேசையில் வைத்தால் கீழே விழுந்தது தெரிந்துவிடும், கையில் வைத்திருந்தாலும் தெரிந்துவிடும் என்று பைக்குள் போட்டுவிட்டாராம். "எனக்குக் கடைல நின்னுக்கிட்டே சாப்பிட்டுத்தாங்க பழக்கம். ஒரு கை தராசுல இருக்கும். இப்படி உட்கார வெச்சு ஒருத்தர் பின்னாலயே நின்னா எனக்கு மூச்சு முட்டுது" என்றார். எங்கள் தியேட்டரில் கீழே விழுந்ததையும் சேர்த்துத்தான் எண்ணுவோம், விழுவது தப்பில்லை, ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று சொன்னேன். அது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் முதல் தடவையாகச் சரியாக மூச்சு விட்டார்.

அப்புறம் சொன்னதுதான் மனசிலேயே நிற்கிறது. அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறாராம், உனக்கு இந்த மாதிரி இடமென்றால் ரொம்பப் பிடிக்கும், அங்கே நீ சாதாரணமாகப் போய் உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுவாய் என்று. "நீங்க கண்டுபிடிச்சது போகட்டுங்க, நாளைக்கு உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து, யாராவது பார்த்துட்டாங்களான்னு சுத்திமுத்தும் பார்த்தா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். பளிச்சென்று, நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாம் என்றார், நான் தலையை ஆட்டினேன். இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், வாயால் சத்தியம் செய்யவில்லை, தலையைத்தானே ஆட்டினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

முள்கரண்டியை வாங்கி என் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன், என் மடித்துணியில் மாட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லி நானே அசடு வழிவது என்று தீர்மானம். வெளியே வந்தால் சர்வர் ஒரு தட்டில் துணி போட்டு அதன் மேல் ஒரு சின்ன முள்கரண்டியை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். "கிடைச்சிடுச்சு மேடம், தட்டோட உள்ள போயிருந்தது" என்கிறார். அப்பாவும் கடைக்காரரும் அப்பாடா என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கூச்சல் போடுகிற அம்மாளைச் சமாதானப்படுத்த அந்த மனிதர் சமையலறையிலிருந்து வேறொன்றை எடுத்து வந்திருக்கிறார், வேறென்ன? குறைந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், கூடிப்போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னுடையதை எடுத்து நீட்டினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும், அப்புறம் இது எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். சம்பந்தியம்மா எனக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லதுங்க" என்று சர்வரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், கைக்குட்டை முள்கரண்டியோடு என் பைக்குள் போய்விட்டது. வீட்டில் பையைக் கவிழ்க்கும்போது அப்பா பார்த்துவிட்டார். விளக்கம் சொல்ல வழியில்லை, குழாய் சொட்டுகிறது என்று பேச்சை மாற்றினேன். அன்றிலிருந்து மனிதர் வீட்டில் நான் எதை எடுத்தாலும் ஓரக்கண்ணால் பார்க்கிறார். போகட்டும், இத்தனை வருஷம் வாழ்ந்ததற்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தால் அவருக்கும் பொழுது போகும்.

கிளம்பும்போது கடைக்காரர், "அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். கட்டடத்துச் சொந்தக்காரர்கள் அப்படிச் சொன்னால் வேறு மெக்கானிக்கைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்று அப்பா பஸ்ஸில் வரும்போது சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்கே போன் வந்தது, சம்பந்தியம்மா. பின்னால் யாரோ கம்பியை வெட்டுகிற சத்தம். அங்கே பேசாத அம்மாள் போனில் படபடவென்று பேசினார், எனக்கு வேறு ஆளோ என்று சந்தேகமே வந்துவிட்டது. அவர்களுக்குச் சம்மதமாம். அந்தப் பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறார்களாம், ஆகையால் நீ முந்திக்கொள்ளாதே. "உங்களப் பார்த்ததும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, ஆனா உங்க பொண்ணப் பத்தி நீங்க யோசிக்காம சொன்னீங்க பாருங்க, அதை நம்பித்தான் நான் சரின்னேன்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தானே? சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்ததும் எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. போன தடவை நீ வந்தபோது காப்பிக் கடையில் அப்பா கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவர் கேட்டு முடித்ததும் நீ அதையே அந்தப் பெண்ணிடம் மெதுவாக, வேறு மாதிரிக் கேட்டாய். அவள் நீ கேட்டதற்குத் தலையாட்டினாள். அப்பா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அன்றைக்கு அது உதவி என்றுதான் நினைத்தேன், இப்போதும் உதவியாக இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் நாற்காலி இருக்கிறது, நாலு பேருக்குச் சமைக்க எனக்குக் கையும் இருக்கிறது, அவர்களை ஏன் இங்கே அழைக்காமல் எங்களை அங்கே அனுப்பினாய் என்று நான் உன்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாங்கள் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்திருப்பாய். அப்படித்தான் இருக்கும். ஆனால் "அவங்க பார்த்தாங்களா?" என்று நீ கேட்டதாக அப்பா சொன்னதும் எனக்கு அந்த அம்மாள் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. அது விளையாட்டுக்குக் கேட்டதா, உள்ளே இருந்து வந்ததா? உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு, உனக்கு எங்கேயும் கூச்சமில்லாமல் உட்கார வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம், அது வந்துவிட்டது, பார்க்கப் பெருமையாக இருக்கிறது. பெருமையாக இருக்கும்போதே பயமாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று புரியவில்லை.

நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தி தன் பிள்ளையைக் கொடுக்கிறாள். அது நிஜமா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்லாதே, போனில் கேட்டால் சட்டென்று சிரித்து, "போம்மா, நீ வேற" என்று சொல்லிவிடுவாய், எனக்கும் அது போதும் என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்து, எப்படி இருந்தாலும் அப்படியே எழுது. இல்லை என்று எழுதினாலும் நான் உன் அம்மாதான், அந்த அம்மாளிடம் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி விழித்திருந்து போனைப் பார்க்காதே, அந்த நீலக் கம்பளிச் சட்டையின் கிழிசலைத் தைத்துக்கொள், பெரிதாகிவிடும். எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கிறது, நீ எங்கே உட்கார்ந்தாலும். பதில் காகிதத்தில் வரட்டும், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்,
அம்மா